எங்கள் எள்ளில் இருந்த மண்

1

கோபே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எள் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து இந்த ஏப்ரலோடு பத்து வருஷம் முடிந்தது. ஒரு கைக்கடிகாரமும் பாராட்டுத் தாளும் கொடுத்தார்கள். தாளில் என் பெயர் 'ஷெம்பகா' என்று இருக்கிறது. கோவில்பட்டியில் தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருப்போம். ஊர் அம்மன் பெயர் அது. இங்கே வந்த புதிதில், குடியேற்ற அலுவலகத்துப் படிவத்தில் கட்டம் தீர்ந்துபோன இடத்தில் என் பெயரும் தீர்ந்துபோனது. "மீதியை எங்கே எழுத?" என்று கேட்டேன். "மீதி தேவைப்படாது" என்று அந்த அதிகாரி மரியாதையாகத் தலை குனிந்து சொன்னார்.

என் கணவர் கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர். நான் அவருடைய குடும்பம் என்ற பேரில் வந்தவள். குடும்பமாக வந்தவள் வேலை செய்யக் கூடாது. செய்ய வேண்டுமானால் அதற்குத் தனியாக ஓர் அனுமதி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஒரு வரம்பு. அந்த அனுமதிக்காக மூன்று முறை வரிசையில் நின்றேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "வேதியியல் படித்தவர் எதற்கு எள் தொழிற்சாலைக்குப் போகிறீர்கள்?" எங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா எல்லோரும் எண்ணெய் ஆட்டியவர்கள் என்று மூன்று முறையும் சொன்னேன். மூன்றாவது முறை முத்திரை குத்தினார்கள்.

முதல் நாள் காலை எல்லோர் முன்னாலும் நின்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் பாடம் பண்ணி வைத்திருந்தேன். "எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எள் அரைக்கிறோம். நானும் சின்ன வயதிலிருந்து எள் அரைத்தே வளர்ந்தேன். இங்கேயும் முழு மனதோடு அரைப்பேன்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லிக் குனிந்தேன். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் மொத்தக் கூடமும் சிரித்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது, சோதனைக் கூடத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த ஒகாவா சான் என்ற பெண்மணி விளக்கினார். 'சான்' என்பது இங்கே எல்லோர் பெயரோடும் சேர்க்கும் மரியாதைச் சொல். அரைக்கிற எள் உரலின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த மொழியில் 'எள் அரைக்கிறவர்' என்றால் மேலதிகாரிக்குக் காக்கா பிடிக்கிறவர் என்று அர்த்தமாம். மூன்று தலைமுறையாகக் காக்கா பிடிக்கும் குடும்பம் என்று நானே அறிவித்திருக்கிறேன். முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. "எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி 'எள் என்றால் எண்ணெயாக நிற்பார்' என்று சொன்னால் அது புகழ்ச்சி" என்றேன். ஒகாவா சான் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

2

வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்து, எண்ணெய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தூசி தும்பு எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் கையால் அளைந்த ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பது அப்பாவுக்குத் தெரியும். அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க, அதனுள்ளேயே ஒரு காப்புப் பொருள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் நல்லெண்ணெயை மாதக் கணக்கில் தைரியமாக வைத்து விற்றார். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைந்த விதை அது. சுண்ணாம்பில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது; தோல் நீக்கி வெள்ளையாக்கினால் அதுவும் போய்விடும். முழு எள்ளைச் சும்மா தூவித் தின்றால் பாதி வந்த வழியே வெளியேறும். வறுத்துப் பொடித்தால்தான் உடம்பில் சேரும். எங்கள் ஊர் எள்ளுப்பொடியைப் பற்றி இந்த ஒரு விஷயத்தை ஒகாவா சானிடம் நான் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு மேல் சொன்னது பெருமையால்தான்.

1997 ஜூன் மாதம், மழைக் காலத்தில், ஒரு கருப்பு எள் சரக்கு வந்தது. ஏற்றிய துறைமுகம் தூத்துக்குடி. வாங்கிய இடம் என்ற இடத்தில் விளாத்திகுளம் வட்டாரம் என்று இருந்தது, எங்கள் கோவில்பட்டிக்குப் பக்கம். அந்தத் தாளை நான் நாலு பேரிடம் காட்டினேன். மாதிரியைச் சோதித்தேன். அந்த வருஷம் வந்த சரக்குகளில் அதில்தான் எண்ணெய் அதிகம். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் வறுத்துப் பார்த்தார்கள். வாயில் போட்ட எல்லோரும் துப்பினார்கள். நறநறவென்று மண்.

கல்லும் தூசியும் எல்லாச் சரக்கிலும் வரும். நிறம் பார்த்துப் பொறுக்கும் எந்திரம் அதைத் தள்ளிவிடும். இது தள்ளவில்லை. மண் உருண்டைகள் எள் அளவு, எள் நிறம். எந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. என் சோதனைச் சல்லடைக்கும் அப்படித்தான்.

கொள்முதல் பிரிவில் கனேகோ சான் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். தட்டில் இருந்த எள்ளை விரலால் பரப்பிப் பார்த்துவிட்டு, "நிறம் பார்த்துக் கலந்திருக்கிறார்கள்" என்றார். ஏமாற்றுவதற்கு இந்த மொழியில் உள்ள சொல் 'கோமா' என்றுதான் தொடங்கும்; எள்ளுக்கும் அதே 'கோமா'தான். அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. இனி அந்தப் பக்கத்துச் சரக்கு வேண்டாம் என்று முடிவாகும் போலிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பொறுக்க முடியவில்லை.

3

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு பரிமாறினேன். என் மகள் நித்யாவுக்கு அப்போது ஆறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். சோற்றில் எள் தூவிக்கொண்டே, "அம்மா, உங்க ஊர்ல கோமா கிடைக்குமா? இது ஜப்பான் சாப்பாடுதானே?" என்று கேட்டாள்.

"ஏட்டி, அது நம்ம எள்ளுட்டி" என்று எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பயந்துபோய்க் கரண்டியை வைத்தாள்.

பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். கோமாவுக்கு இவர்கள் எழுதும் எழுத்திலேயே 'மேற்கேயிருந்து வந்தது' என்ற பொருள் இருக்கிறது. சீனாக்காரர்களுக்கு அது மேற்கேயிருந்து வந்தது. அவர்களிடமிருந்து இங்கே வந்தது. மனிதர்கள் எள்ளை முதன்முதலில் பயிராக்கியது நம் நாட்டுப் பக்கம்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். சிந்துவெளியில் தோண்டியபோது கருகிய எள் கிடைத்திருக்கிறது. தமிழில் எள்ளின் நெய்தான் எண்ணெய். கடலையில் எடுத்தாலும் தேங்காயில் எடுத்தாலும் நாம் எண்ணெய் என்கிறோம். பேர் என்னவோ எள்ளினுடையது. வடமொழியிலும் அப்படித்தான், திலம் என்றால் எள், அதிலிருந்து வந்தது தைலம்.

நித்யா பாதிதான் கேட்டாள். ஆனால் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. அத்தனை காலம் எள் விதைத்த மண்ணைத் திருட்டு மண் என்று ஒருவர் சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு பேருந்தேறி வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் சீக்கிரமே போனேன். சாமணத்தால் அந்த மண் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்குச் சேர்ந்ததும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். உப்பியது. விரலால் குழைத்தால் மாவு போல ஒட்டியது. ஒகாவா சான் பார்த்துக்கொண்டிருக்க, கிண்ணத்தை அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் ஊர்ப் புஞ்சைக் காடு மாசி மாதம் எப்படி இருக்குமோ அப்படியே, உள்ளங்கை அகலத்தில்.

கிண்ணத்தைக் கனேகோ சான் மேசையில் வைத்தேன். "இது கரிசல் மண். இந்த எள் விளைந்த நிலமே இதுதான். நிறம் பார்த்து யாரும் தேடி எடுத்துக் கலக்கவில்லை. எங்கள் மண்ணின் நிறமே அதுதான்" என்றேன்.

அவர் ஒரு பாளத்தை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "கலந்தார்களா, தானாகக் கலந்ததா என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்றார்.

"நேரில் பார்த்தால் சொல்லலாம்."

"நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?"

செய்கிறேன் என்றேன்.

4

அறுவடை தை மாதம். அதுவரை காத்திருந்து கிளம்புவதற்குள், திரும்பி உள்ளே வருவதற்கு இன்னொரு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் வெளியே போனால் இங்கே குடியிருக்கும் உரிமையே போய்விடும். பிறந்த ஊருக்குப் போகக் காரணம் என்ற இடத்தில் 'மண் பார்க்க' என்று எழுதினேன். அதிகாரி அதை அடித்துவிட்டு 'வணிகம்' என்று எழுதினார்.

கோவில்பட்டியில் எண்ணெய் ஆலை நடத்தும் என் அண்ணன் கார் ஏற்பாடு செய்திருந்தார். எப்போதும்வென்றானைத் தாண்டிப் போகும்போது ஊர்ப் பெயரைக் கனேகோ சானுக்கு மொழிபெயர்த்தேன். "எப்போதுமேவா?" என்று கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"அழகம்மா எள்ளுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். அவிய புஞ்சைக்கே போவம்" என்றார் அண்ணன். அழகம்மாள் அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து பல வருஷம். நாலு ஏக்கர் மானாவாரியைத் தானே பார்த்துக்கொள்கிறவர். நாங்கள் போனபோது, அறுத்த எள் செடிகளைக் கட்டுக் கட்டாக நிறுத்திக் காயவைத்திருந்தார். தரை முழுக்கக் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

கனேகோ சான் வணங்கிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "மண்ணைக் கலந்தது யார் என்று கேளுங்கள்."

அதை அப்படியே கேட்க எனக்கு மனசு வரவில்லை. "எள்ளுல மண்ணு எப்பிடி வருதுன்னு கேக்காரு, யக்கா" என்றேன்.

அழகம்மாள் அக்கா அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "அவரு மூஞ்சி அப்பிடிக் கேக்கலயே தாயி. உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு கட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஒரு தட்டுத் தட்டினார். எள் சரசரவென்று வெடிப்புத் தரையில் கொட்டியது. விளக்குமாற்றால் கூட்டி இரண்டு கையாலும் அள்ளி அவர் முன்னால் நீட்டினார். எள்ளும் மண்ணும் ஒரே கருப்பாக இருந்தன.

"எள்ளுக்காய் காஞ்சா நம்மளைக் கேட்டுக்கிட்டா வெடிக்கும்? உதிருதது தரையிலதான் உதிரும். கூட்டி அள்ளுனா மண்ணு வரத்தான் செய்யும். பொடைச்சாப் பாதி போவும், பாதி எள்ளோட எள்ளா நிக்கும். கலக்கணும்னு நெனைச்சா ஆத்து மணலைக் கலக்கலாம், அதுதான் கனம். எம்புஞ்சை மண்ணை நான் என்னத்துக்கு விக்கணும்? இதை அள்ளிக் குடுத்துட்டு அடுத்த வருசம் எதுல வெதைக்க? இதை அப்பிடியே சொல்லு, ஒரு வார்த்தை கொறைக்காம."

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். என் ஜப்பானிய மொழி அன்றைக்குப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கனேகோ சான் தொப்பியைக் கழற்றினார். அந்த வெயிலில், வெடித்த நிலத்தில் நின்று, இடுப்பு மடங்கக் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். "என்ன தாயி, எதையும் தவற விட்டுட்டாரா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"மன்னிச்சிக்கிடுங்கன்னு சொல்லுதாரு, யக்கா."

"நிமிரச் சொல்லு. வெயிலுக்குத் தலை சுத்திரும்."

மண் சேராமல் எடுக்க வழி இருக்கிறதா என்று பிறகு அவர் கேட்டார். அக்கா அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பானையைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த எள் மினுமினுத்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

"வீட்டுக்கு வச்சுக்கிடுததைப் பழைய சேலை விரிச்சு அதுலதான் உதுப்போம்."

"விக்கிறதையும் அப்பிடிச் செய்யலாமேக்கா?" என்று நான் என் சார்பில் கேட்டேன்.

"யாரு கேட்டா? மண்டியில சேலையில உதுத்ததையும் தரையில கூட்டுனதையும் ஒண்ணாத்தான் கொட்டுதாவ. இன்னைக்குத்தான் இவரு கேக்காரு. தார்ப்பாய் இருந்தா இந்த ஊரே செய்யும்."

அக்கா எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கனேகோ சான் மென்றுகொண்டே, வறுக்கும் பதம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஊரிலேயே பேசி முடித்தார்கள். தார்ப்பாயில் உதிர்த்த எள் தனி மூட்டையாக அண்ணனுடைய ஆலைக்கு வரும். தரையில் கூட்டியது உள்ளூர்ச் செக்குக்குப் போகும். தார்ப்பாய்களுக்கான பணத்தைத் தொழிற்சாலையே கொடுத்தது.

5

1998 ஜூன் மாதம் வந்த சரக்கில் நான்தான் மாதிரி எடுத்தேன். ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பி, தண்ணீரில் அலசினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இன்னொரு பிடி, அதுவும் தெளிவு. கனேகோ சான் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "ஒன்றுமில்லை" என்றேன். அவரும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒகாவா சான்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வருகிறது. மழை பொய்த்த வருஷம் கொஞ்சமாக வரும், வராமல் இருந்ததில்லை. தரச் சான்றில் சோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இடத்தில் கட்டம் கிடையாது. செண்பகவல்லி என்று முழுசாகத் தமிழில் போடுகிறேன்.

6

போன வருஷம் நித்யா பெரிய மனுஷி ஆனாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அழுதாள். தாய்மாமன் சீர், தண்ணீர் ஊற்றுவது, பட்டுப் பாவாடை எல்லாவற்றையும் பற்றி நான் சொல்லச் சொல்ல, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். கடைசியில் களிக்கு மட்டும் ஒப்புக்கொண்டாள். உளுந்தும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். "கோமா வாசம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

விடுப்புக் கேட்டபோது ஒகாவா சானிடம் மட்டும் காரணத்தைச் சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய பெட்டி. அவரே திறந்து காட்டினார்: சிவப்புப் பயறு சேர்த்து அவித்த செந்நிறச் சோறு, அதன் மேலே தூவிய கருப்பு எள்.

வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் எள் என்றால் நீத்தாருக்கு இறைப்பது. நல்ல நாளில் ஒருவர் கையால் இன்னொருவர் எள் வாங்க மாட்டோம். ஒகாவா சான் என் முகத்தைப் பார்த்து, "ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லை. எள் எதற்கு என்று யோசித்தேன்."

"வீட்டில் நல்லது நடந்தால் இந்தச் சோறுதான் வைப்போம். மேலே எள் தூவினால்தான் அது முழுமை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நம் தொழிற்சாலைப் பொட்டலம்தான். மேலே இருந்த சரக்கு எண்ணைப் பார்த்தேன், நீங்கள் கையெழுத்துப் போட்ட விளாத்திகுளத்துச் சரக்கு" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நித்யா என்னை முந்திக்கொண்டு ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

அன்று மத்தியானமே ஊருக்குப் போன் போட்டேன். அழகம்மாள் அக்கா வீட்டில் போன் கிடையாது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்குக் கூப்பிட்டு, ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

"என்ன தாயி, இந்த வருசத்து எள்ளுல எதுவும் கொறையா?"

"இல்லக்கா. நித்யா சடங்காயிட்டா. இங்கன ஒருத்தவிய சோறு கொண்டாந்தாவ. மேல நம்ம எள்ளு தூவியிருந்திச்சு. உங்க புஞ்சை எள்ளுதான்."

"சடங்கு வீட்டுல எள்ளா?"

"இங்கன எள்ளு நல்ல காரியத்துக்குத்தான்க்கா. புள்ளை பொறந்தா, சடங்கு ஆனா, கல்யாணம்னா, செவப்புச் சோறு ஆக்கி மேல கருப்பு எள்ளு போடுவாவ. இல்லன்னா அந்தச் சோறு முழுசு இல்லையாம்."

"மொத வாய் யாரு சாப்பிட்டா?"

"நித்யாதான்."

கணவரை இழந்தவர் என்று ஊரில் எத்தனை சடங்கு வீடுகளில் அக்கா பின்வாசல் பக்கமே நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் கடைக்காரரைக் கூப்பிடுவது கேட்டது.

"அண்ணாச்சி, கேட்டீயளா. எம்புஞ்சை எள்ளு அங்கன சடங்கு வீட்டுச் சோத்து மேல இருக்காம். மொத வாயே அதோடதானாம்."

யாரோ ஏதோ கேட்டார்கள். அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் இன்னொரு பெண் குரல் வந்து சேர்ந்தது. அவளுக்கும் முதலிலிருந்து சொன்னார். கையில் போன் இருப்பதை மறந்துவிட்டார். நான் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.